256 சீட்டு ரகசியம்

ஒரு சீட்டுக்கட்டை மனசுக்குள் கொண்டு வாருங்கள். ரம்மி ஆடுகிற ஐம்பத்திரண்டு சீட்டு இல்லை. 256 சீட்டு. ராஜா, ராணி கிடையாது. பூஜ்யம் முதல் 255 வரை வெறும் எண்கள். தொண்ணூறுகளில் இணையத்தில் கிரெடிட் கார்டு எண்ணைத் தட்டியவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கட்டுதான் காவல். பின்னால் வந்த வை-ஃபைக்கும் இதேதான்.

1987-ல் இதைக் கலைக்க வழி சொன்னவர் ரொனால்ட் ரிவெஸ்ட். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர். ஆர்.எஸ்.ஏ. என்ற பிரபல சங்கேத முறையின் 'ஆர்' இவர்தான். ('எஸ்' யார் என்று பிறகு சொல்கிறேன். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) புது வழியின் பெயர் ஆர்.சி.4.

வேலை ரொம்ப எளிது. முதலில் சீட்டுகளை வரிசையாக அடுக்கு. உன் ரகசியச் சாவி சொல்கிறபடி ஒவ்வொரு சீட்டாக இடம் மாற்று. கட்டு கலைந்ததா? இப்போது இரண்டு சீட்டை எடு, இடம் மாற்று, இரண்டையும் கூட்டு, அந்த எண்ணுள்ள இடத்தில் என்ன சீட்டு இருக்கிறது என்று பார். அதுதான் முகமூடி. உன் கடிதத்தின் முதல் எழுத்துக்கு அதை மாட்டு. அடுத்த எழுத்துக்கு மறுபடி இரண்டு சீட்டு, புது முகமூடி. இப்படி ஓடை மாதிரி வந்துகொண்டே இருப்பதால் இதற்கு ஸ்ட்ரீம் சைஃபர் என்று பெயர். அந்தப் பக்கம் இருப்பவரிடம் அதே சாவி இருந்தால் அதே முகமூடிகள் அதே வரிசையில் வரும். கழற்றிவிட்டுப் படிக்க வேண்டியதுதான். மொத்த புரோகிராமும் ஒரு துண்டுச்சீட்டில் அடங்கிவிடும். வேகமோ வேகம்.

செய்முறையை ரிவெஸ்டின் கம்பெனி வியாபார ரகசியமாகப் பூட்டி வைத்திருந்தது. காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் தரிசனம். 1994 செப்டம்பரில் முகம் காட்டாத யாரோ ஒருவர் அதை அப்படியே இணையத்தில் போட்டுவிட்டார். பெயர் மட்டும் கம்பெனியின் சொத்து. அதனால் மற்றவர்கள் ஏ.ஆர்.சி.4 என்றார்கள். அதாவது, 'ஆர்.சி.4 என்று சொல்லப்படுவது'. பேப்பரில் போலீஸ் செய்தி எழுதுகிற பாஷை!

செய்முறை வெளியானதால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. சாவி ரகசியமாக இருந்தால் போதும். கோளாறு கட்டைக் கலைக்கும் விதத்தில் இருந்தது. போதுமான அளவுக்குக் கலையவில்லை.

2001-ல் இதைப் போட்டு உடைத்தவர்களில் ஒருவர் அடி ஷமீர். ஆமாம், ஆர்.எஸ்.ஏ.வின் 'எஸ்'. பழைய கூட்டாளியேதான். நியாயமாகப் பார்த்தால் இரண்டாவது முகமூடி பூஜ்யமாக வர 256-ல் ஒரு வாய்ப்புதான் இருக்க வேண்டும். மான்டின் என்பவருடன் சேர்ந்து ஷமீர் கணக்குப் போட்டார். இரண்டு வாய்ப்பு இருந்தது. பூஜ்யத்தை மாட்டினால் எழுத்து மாறாது, அம்மணமாகப் போகும். ஒரே செய்தியை வேறு வேறு சாவிகளில் பலமுறை அனுப்பினால், அந்த இடத்தில் அதிகம் தலைகாட்டுவது நிஜ எழுத்து.

அதே வருடம் ஃப்ளூரர் என்பவரும் சேர, மூவரும் வை-ஃபையின் அடிமடியில் கை வைத்தார்கள். 1997-ல் வந்த டபிள்யூ.ஈ.பி. என்ற அந்தப் பூட்டின் பெயருக்கு, 'கம்பிக்குச் சமமான அந்தரங்கம்' என்று அர்த்தம். ஆனால், ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் சாவியின் முன்பகுதியைக் காற்றில் வெளிப்படையாகவே அனுப்பியது. சில முன்பகுதிகள், மிச்சச் சாவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிக்கொடுத்தன. அந்த வருடமே ஏர்ஸ்னார்ட் என்ற இலவச மென்பொருள் வந்துவிட்டது. பொட்டலங்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தால் போதும், சாவி கையில்.

பூட்டு உடைந்தது ஊருக்கே தெரியும். 2003-ல் மாற்றுப் பூட்டும் வந்தாயிற்று. ஆனால் மாற்றச் செலவாகும், நேரமாகும். டி.ஜே.எக்ஸ். என்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனம் இன்னும் மாற்றியிருக்கவில்லை. 2005 ஜூலையில் மயாமியில் இருந்த அதன் கடை ஒன்றின் வை-ஃபை வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள். கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் உள்ளேயே இருந்தார்கள். போன கார்டு எண்கள் குறைந்தது 4 கோடியே 57 லட்சம் என்று 2007-ல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. துணி வாங்கப் போனவர்களுக்கு ஆர்.சி.4 என்று ஒன்று இருப்பதே தெரியாது. என்னைக் கேட்டால், திருடர்களுக்கு அடுத்தபடியாக, தெரிந்தும் நான்கு வருடம் ஆறப்போட்டவர்கள் மேல்தான் கோபம் வருகிறது. கும்பலின் தலைவன் ஆல்பர்ட் கொன்சாலஸுக்கு 2010-ல் 20 வருடச் சிறை.

அதற்குப் பிறகாவது விட்டார்களா? ம்ஹூம். 2013-ல் இணையதளங்களின் பாதுகாப்பான போக்குவரத்தில் ஏறக்குறைய பாதி இன்னமும் ஆர்.சி.4-ல்தான் ஓடியது. அந்த வருடம் இன்னொரு ஆராய்ச்சிக் குழு அதையும் பிளந்து காட்டியது. அதில் ஒருவரான டேனியல் பெர்ன்ஸ்டைன், சாச்சா என்ற வேறொரு ஸ்ட்ரீம் சைஃபரை 2008-லேயே எழுதி வைத்திருந்தார். 2014-ல் கூகுள் அதை ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கொண்டுவந்தது.

அதே 2014-ல் ரிவெஸ்டும் சும்மா இருக்கவில்லை. இன்னொருவருடன் சேர்ந்து ஸ்பிரிட்ஸ் என்று ஒன்றைக் கொடுத்தார். கிட்டத்தட்ட அதே சீட்டுக்கட்டு, கலைப்பது கூடுதல், வேகம் குறைவு. பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 2015 பிப்ரவரியில் இணைய விதிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப்., பாதுகாப்பான இணைப்புகளில் ஆர்.சி.4 கூடவே கூடாது என்று தடை போட்டது. கட்டுக்கு அப்போது வயது 28.