முழங்கால் கொழுப்புத் திண்டு

முழங்கால் சில்லுக்குக் கீழே, சில்லைக் கீழ்க்கால் எலும்போடு இணைக்கும் தசைநாணுக்குப் பின்னால் உள்ள கொழுப்புத் திசு. மூட்டு உறைக்கு உள்ளேயும், மூட்டு நீர் சுரக்கும் சவ்வுக்கு வெளியேயும் இருக்கிறது. ஜெர்மானிய எலும்பு மருத்துவர் ஆல்பர்ட் ஹோஃபா 1904இல் இதைப் பற்றி எழுதியதால் ஹோஃபா திண்டு என்றும் பெயர். ஆள் மெலிந்தாலும் இது எளிதில் கரைவதில்லை. இடைவெளியை நிரப்பி அதிர்வைத் தாங்குவது மட்டுமே இதன் வேலை என்று நெடுங்காலம் கருதப்பட்டது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் முட்டி வலி என்று வருபவருக்கு எக்ஸ்ரே எடுத்து, எலும்பிடைவெளி குறைந்திருந்தால் ‘ஜவ்வு தேஞ்சுபோச்சு’ என்பார்கள். ஜவ்வு என்று அவர்கள் சொல்லும் குருத்தெலும்பு தேய்வது உண்மைதான். ஆனால் அதற்கு நரம்பே கிடையாது. அப்படியானால் வலிப்பது எது? அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்காட் டை, மூட்டுக்குள் மரத்துப்போகச் செய்யும் மருந்து செலுத்தாமல் தன் முழங்கால்களையே கருவியால் தொட்டுப் பார்க்கச் செய்து, 1998இல் முடிவை வெளியிட்டார். சில்லின் குருத்தெலும்பைத் தொட்டபோது வலி தெரியவில்லை. கொழுப்புத் திண்டைத் தொட்டபோது பொறுக்க முடியவில்லை. துணிச்சலான சோதனைதான், ஒருவர் காலில் மட்டும் நடந்தது என்றாலும்.

தேய்மானம் வந்த மூட்டில் இத்திண்டு லெப்டின், இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது. அவை அருகிலுள்ள சவ்வையும் குருத்தெலும்பையும் தாக்குகின்றன. உடல் பருத்தவர்களுக்கு எடை தாங்காத கைவிரல் மூட்டுகளிலும் தேய்மானம் கூடுதலாக வருவதைப் பாரத்தால் மட்டும் விளக்க முடியாது. உடலில் கொழுப்பே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குக் கொழுப்புணவு கொடுத்தும் மூட்டுக் கேடு குறைவாகவே இருந்தது. சிறிது கொழுப்பைப் பொருத்தியதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது (2021). ஆனால் திண்டின் அளவு பெரிதாக இருப்பது நல்லது என்று சொல்லும் மனித ஆய்வுகளும் உண்டு. ஆகவே அளவைவிட, அதில் அழற்சி இருக்கிறதா என்பதே முக்கியம் எனத் தோன்றுகிறது. அதை எக்ஸ்ரே காட்டாது, எம்.ஆர்.ஐ. வேண்டும்.

பாரத்தையும் ஒதுக்கிவிட முடியாது. நிலக்கடலை திண்டிவனம் வட்டாரத்தின் முக்கியப் பயிர். அந்தக் கடலைக்காட்டில் களையெடுக்கும் பெண்கள் முழங்காலில் பாரம் ஏற்றி, குந்தியபடியே நகர்கிறார்கள். பல்லாண்டு குந்தி உட்காரும் பழக்கம் முழங்கால் தேய்மானத்தோடு தொடர்புடையது எனப் பெய்ஜிங் முதியோரிடம் நடந்த ஆய்வு காட்டியது.

திண்டை மட்டும் குறிவைக்கும் மருந்து நடைமுறையில் இல்லை. எடை குறைப்பும் தொடைத் தசைப் பயிற்சியுமே முதல் சிகிச்சை. தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வருகிறது. தேய்மானம் முற்றியவர்களுக்கு மூட்டு மாற்று அறுவை. அப்போது திண்டை எடுத்துவிட்டால் மூட்டு நன்றாகத் தெரியும் என்பர் ஒரு சாரார். எடுத்தால் சில்லுக்கு இரத்த ஓட்டம் குறையும், தசைநாண் சுருங்கும் என்பர் மறு சாரார். இதில் அறுவை மருத்துவர்களிடையே இன்னும் உடன்பாடு இல்லை.