விண்வெளிப் பேரரசின் அரிச்சுவடி

எழுத்தென்பது ஒலிக்கு இட்ட குறியீடு மாத்திரமன்று. அக்குறியீட்டை யார் அமைத்தனர், யாருடைய ஒலிகளுக்கு அதில் இடமளித்தனர், யாருடைய ஒலிகளை வாசலுக்கு வெளியே நிறுத்தினர் என்பனவும் அதன் வரலாற்றைச் சேர்ந்தனவே. மெசப்பொத்தேமியாவின் களிமண் ஏடுகளில் முதன்முதல் பொறிக்கப்பட்டவை காவியங்களல்ல. தானியத்தினதும் கால்நடையினதும் கணக்குகளே. களஞ்சியத்தைக் கையில் வைத்திருந்தோரின் தேவையிலிருந்தே எழுத்து பிறந்தது. மண்ணிலே பிறந்த எழுத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை, கற்பனையிலே பிறந்த எழுத்துக்கும் பொருந்துமா?

இவ்வினாவுக்கு விடை காண நம் காலத்தின் பெயர்பெற்ற கற்பனை எழுத்தொன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கரான ஜோர்ஜ் லூகாஸ் 1977 ஆம் ஆண்டில் ‘ஸ்டார் வோர்ஸ்’ என்னும் திரைப்படத்தை வெளியிட்டார். நெடுங்காலத்துக்கு முன், தொலைதூரத்து அண்டமொன்றில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் கதை அது. ஒரு பேரரசின் கொடுங்கோன்மையை எதிர்த்துச் சிறு கூட்டமொன்று கிளர்ந்தெழுகிறது. ஆயின் அப்பேரரசின் போர்க்கோளிலே, இயந்திரமொன்றின் விசைப்பலகையில் எழுதப்பட்டிருந்ததோ சாதாரண ஆங்கிலம்! படைத்தோருக்கு அது அன்று குறையாகத் தோன்றவில்லை. தம் எழுத்தே எங்கும் உள்ள எழுத்து என எண்ணிப் பழகியவர்களுக்கு அது தோன்றாததில் வியப்புமில்லை.

1983 இல் வந்த மூன்றாம் படத்திலே கணினித் திரைகளில் விசித்திரமான கோட்டுருவங்கள் ஓடின. அவை ஜோ ஜோன்ஸ்டன் என்னும் ஓவியர் வரைந்த வடிவங்களை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றுக்கு ஒலியுமில்லை, பொருளுமில்லை. கண்ணுக்கு இட்ட அலங்காரமே அவை. அவ்வடிவங்களை எழுத்தாக்கியவர் திரைப்படக் கலைஞரல்லர். அப்படங்களைத் தழுவி விளையாட்டு நூல்களை வெளியிட்டு வந்த வெஸ்ட் எண்ட் கேம்ஸ் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீபன் கிரேன் என்பவரே, 1990களின் முற்பகுதியில் திரையிற் கண்ட உருவங்களைப் பெயர்த்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒலியும் பெயரும் வழங்கினார். விளையாடுவோர் தம் பாத்திரங்களின் பெயர்களை அவ்வுலகத்து எழுத்திலேயே எழுத வேண்டும் என்பது அவர் விருப்பம். முதலெழுத்து ‘ஓரெக்’, இரண்டாமெழுத்து ‘பெஷ்’; இரண்டும் சேர்ந்து ‘ஓரெபெஷ்’ என்னும் பெயர் உண்டாயிற்று. கிரேக்கரின் ‘அல்பா’வும் ‘பீட்டா’வும் சேர்ந்து ‘அல்பபெட்’ உண்டான முறையும் இதுவே. 2004 இல் முதற்படம் டி.வி.டி. தட்டாக வெளிவந்தபோது, விசைப்பலகையிலிருந்த ஆங்கிலம் அழிக்கப்பட்டு ஓரெபெஷ் எழுத்துப் பொறிக்கப்பட்டது.

ஆங்கிலம் உண்மையிலேயே அழிந்ததா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. ஓரெபெஷில் 34 எழுத்துக்கள் உள்ளன. அவற்றுள் 26 எழுத்துக்கள் ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துக்களுக்கு ஒன்றுக்கு ஒன்றாக நேரானவை. எஞ்சிய எட்டும் ஆங்கிலத்திலே இரண்டெழுத்துக்களைச் சேர்த்து எழுதும் ஒலிகளுக்கும் கூட்டுக்களுக்கும் உரியவை. நமது ஙகர மெய்யை நிகர்த்த ஒலிக்கும் அவ்வகையில் ஓரெழுத்துக் கிடைத்திருக்கிறது; ஆனால் ழகரத்துக்கு அங்கே இடமில்லை. ஆங்கிலேயர் வாயில் வராத ஒலி அண்டத்திலேயே இல்லாத ஒலியாகிவிட்டது. ஆங்கிலத்திலே ஓசையின்றிக் கிடக்கும் எழுத்துங்கூட இங்கே எழுத்துக்கு எழுத்தாகப் பெயர்த்து எழுதப்படுகிறது. வேற்றுலகத்து ஆடையை அணிந்து நிற்பது நமக்கு நன்கு தெரிந்த பழைய அரிச்சுவடியே.

இதிலே புதுமையுமில்லை. இங்கிலாந்தின் தோமஸ் மோர் எழுதிய ‘யுட்டோப்பியா’ 1516 இல் லூவேன் நகரிலே முதன்முதல் அச்சானபோது, அக்கற்பனைத் தீவின் எழுத்துக்களும் அதில் இடம்பெற்றன. மோரின் நண்பரான பீற்றர் கைல்ஸ் அவற்றை அமைத்தார் எனக் கருதப்படுகிறது. வட்டமும் சதுரமும் முக்கோணமுமாய் அமைந்த அந்த 22 எழுத்துக்களும் இலத்தீன் எழுத்துக்களுக்கு நிரல்நிரையே மாற்றாக நின்றவை. ஏழை உழவரின் நிலங்களை வேலியடைத்து ஆட்டுமந்தைக்கு விட்ட பிரபுக்களைக் கண்டித்த நூல் அது. தனியுடைமையற்ற சமுதாயத்தைக் கற்பனை செய்யத் துணிந்த நூல். அத்தகைய நூலும் இலத்தீன் நெடுங்கணக்கைக் கடந்த ஓரெழுத்தைக் கற்பிக்கவில்லை. சொத்துடைமையைக் கடந்து சென்ற கற்பனை, படித்த வகுப்பாரின் ஏட்டைக் கடந்து செல்லவில்லை.

திரைப்பட உலகத்தில் இக்குறுக்கம் இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. அங்கே வீரரும் ஆட்சியாளரும் பேசும் பொதுமொழிக்கு ‘பேசிக்’, அதாவது ‘அடிப்படை மொழி’ என்று பெயர். படத்தில் நம் காதில் விழுவதோ ஆங்கிலம். வேற்றுக்கிரக வாசிகளின் வாயில் வைக்கப்பட்ட ஒலிகள் எங்கிருந்து வந்தன? ஒலியமைப்பாளர் பென் பேர்ட் 1977 ஆம் ஆண்டுப் படத்துக்காக அந்தீஸ் மலை மக்களின் கெச்சுவா மொழியிலிருந்து ஒலிகளை எடுத்தார். 1983 ஆம் ஆண்டுப் படத்தில் வரும் காட்டுவாசிகளின் பேச்சுக்குக் கல்மிக் மொழியின் ஓசை தூண்டுகோலாயிற்று. அதே படத்தில் விண்கலம் ஓட்டும் வேற்றுக்கிரகவாசி ஒருவனுக்குக் குரல் கொடுத்த கென்ய மாணவர் கிகூயு மொழியிற் பேசினார்.

இம்மொழிகளைப் பேசியோர் யார்? கெச்சுவா பேசியோர் ஸ்பானியரின் சுரங்கங்களிலே மாண்டவர்கள். அவர்களின் மொழி பெரு நாட்டில் அரசகரும மொழியானது 1975 இலேதான். கல்மிக்குகள் 1943 இல் ஸ்டாலின் ஆட்சியினால் ஓரினமாகவே சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்கள். கிகூயு மக்கள் 1950களில் பறிகொடுத்த நிலத்துக்காகப் பிரித்தானிய ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் போராடியவர்கள். உண்மை உலகிலே பேரரசுகளின் கொடுமையை அனுபவித்த மக்களின் மொழிகள், பேரரசை எதிர்க்கும் கதையொன்றிலே விந்தை உயிர்களின் ஓசைகளாயின. அம்மொழிகளை இழிவுபடுத்துவது படைத்தோரின் நோக்கமென நாம் கூறவில்லை. பார்ப்போருக்கு அவை விளங்கா என்ற துணிவிலேயே அவை தெரிந்தெடுக்கப்பட்டன. அத்துணிவே நமது ஆராய்ச்சிக்கு உரியது.

இனி, கற்பனையை விட்டு வரலாற்றிலே மெய்யாகப் பிறந்த ஓரெழுத்தைப் பார்ப்போம். வட அமெரிக்காவின் செரோக்கி இனத்தவரான செக்குவோயா ஒரு வெள்ளித் தொழிலாளி. ஆங்கிலம் வாசிக்க அறியாதவர். வெள்ளையர் தாளிலே குறியிட்டுத் தூரத்தே இருப்போருடன் பேசுவதைக் கண்ட அவர், தம் மக்களுக்கும் அவ்வாற்றல் வேண்டுமென உழைத்தார். பல்லாண்டு முயற்சியின் பின் 1821 இல் தம் மொழியின் அசைகளுக்கு ஏற்ற எழுத்துக்களை நிறைவுசெய்தார். இறுதியில் அவை 85 ஆக நிலைபெற்றன. அச்சிலே காணும் அவ்வெழுத்துக்களிற் பல உரோம எழுத்தின் உருவை ஒத்தவை. ஆனால் ஆங்கிலேயரின் ‘டீ’ அங்கே ‘அ’ என ஒலிக்கும். அவர்களின் ‘டபிள்யூ’ அங்கே ‘ல’ என ஒலிக்கும். ஆள்வோனின் உருவத்தை எடுத்து அதிலே தன் மக்களின் ஒலியைப் பெய்தான் அத்தொழிலாளி. ஓரெபெஷோ புதிய உருவத்தை எடுத்து அதிலே ஆள்வோனின் ஒலியைப் பெய்தது.

1828 இல் ‘செரோக்கி பீனிக்ஸ்’ என்னும் பத்திரிகை அவ்வெழுத்திலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. மக்களின் நிலத்தைக் கவர முனைந்த ஜோர்ஜியா மாநிலத்தின் காவற்படை 1835 இல் அதன் அச்சியந்திரத்தைக் கைப்பற்றியது. 1838இலும் 1839இலும் அம்மக்கள் தம் நாட்டினின்றும் துரத்தப்பட்டனர். வழியிலே மாண்டோர் ஏறத்தாழ 4,000 பேர் என மதிப்பிடப்படுகின்றது. எழுத்து மட்டும் மாளவில்லை. இன்றும் அது செரோக்கிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுகின்றது.

ஓரெபெஷைக் கற்றுத் தம் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி மகிழும் பிள்ளைகளை ஆசிரியர் எள்ளி நகையாட வேண்டியதில்லை. குறியீடு மனிதன் ஆக்கியது, ஆகவே மாற்றத்தக்கது என்னும் பேருண்மையை அப்பிள்ளை விளையாட்டாகவே உணர்கின்றது. அதற்கு அடுத்த கேள்வியை எழுப்புவதே நமது கடமை. அக்கதையிலே பேரரசின் கட்டளையும் ஓரெபெஷிலேயே எழுதப்படுகின்றது. கிளர்ச்சிக்காரரின் செய்தியும் ஓரெபெஷிலேயே எழுதப்படுகின்றது. அப்பேரரசு வீழ்ந்த பின்னரும் அண்டத்து மக்கள் எந்த அரிச்சுவடியைப் படிப்பர்? கதை இக்கேள்வியைக் கேட்கவில்லை. குடியேற்ற ஆட்சி நீங்கிய நாடுகளின் வகுப்பறைகளில் அதைக் கேளாதிருக்க முடியாது.