டயர்ச் சங்கிலி: ஒரு பனிக்கால விதியின் வரலாறு

ஹேவ்லாக் தீவில் கடல் கொந்தளித்தால் போர்ட் பிளேருக்குச் செல்லும் படகுகள் நிறுத்தப்படும். பயணி காத்திருப்பார்; புறப்படலாமா என்று முடிவெடுக்கும் பொறுப்பு அவருக்கு இல்லை. இமயமலைக் கணவாய்களும் நெடுங்காலம் இவ்வாறே இருந்தன. பனி மூடினால் பாதை அடைபடும். வேனில் வந்தால் திறக்கும். மூடிய பாதைக்கு ஊர்தி விதி தேவையில்லை. ஆகவே, ‘சங்கிலி பூட்டாத ஊர்திக்கு அனுமதியில்லை’ என்னும் ஆணை, பனிக்காலத்திலும் பாதையைத் திறந்துவைக்க அரசு முடிவெடுத்த பிறகே பொருள் பெறுகிறது.

கருவி பழையது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் 1904இல் டயர்ச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். எந்திரத்தின் விசை சென்றுசேரும் சக்கரங்களில் சங்கிலியைப் பூட்ட வேண்டும். அதன் கண்ணிகள் இறுகிய பனியைக் கவ்விப் பிடிக்கும். வேகம் பொதுவாக மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. பனியற்ற தார்ச்சாலையில் ஓட்டினால் சங்கிலியும் தேயும், சாலையும் சிதையும்.

நம் நாட்டில் இவ்வரலாற்றைச் சொல்ல ஏற்ற இடம், ஸ்ரீநகரையும் லடாக்கையும் இணைக்கும் சோஜி லா. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள அக்கணவாயில் 1948 நவம்பர் 1 அன்று இந்தியப் படையின் பீரங்கி வண்டிகள் ஏறின. பல்தாலிலிருந்து மேலேறிய கோவேறு கழுதைத் தடத்தை வண்டிகள் செல்லுமாறு அகலப்படுத்தியவர்கள் மதராஸ் சாப்பர்கள் என்பதைத் தமிழ் வாசகர் நினைவில் கொள்ளலாம். 1960இல் எல்லைச் சாலைகள் அமைப்பு உருவான பின்னரும், ஆண்டில் பல மாதங்கள் கணவாய் மூடியே கிடந்தது. அண்மைக் காலத்தில் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிற்று: 2022இல் 73 நாள், 2023இல் 68, 2024இல் 35, 2025இல் 32.

பாதை திறந்திருக்கும் நாள்கள் பெருகியபோது நிபந்தனையும் பெருகியது. பனி பொழியும் நாள்களில் தங்மர்க்–குல்மர்க் சாலையிலும் சோனமர்க் வழியிலும், சங்கிலி பூட்டிய ஊர்திகளையோ நான்கு சக்கர இயக்கம் உடையவற்றையோ மட்டுமே காவல்துறை அனுமதிக்கிறது. இமாசலத்தில், 2020இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கத்தை அணுகும் சாலையிலும் இதே நடைமுறைதான்.

இங்கே எழும் கேள்வி பொறுப்பைப் பற்றியது. பாதை மூடப்பட்ட காலத்தில் முடிவு அரசுடையது. நிபந்தனையோடு திறக்கும்போது அதன் ஒரு பகுதி ஓட்டுநரின் தோளுக்கு மாறுகிறது: சங்கிலி வாங்குவதும், உறைகுளிரில் மண்டியிட்டுப் பூட்டுவதும் அவர் கடமை. எனினும் முழுச்சுமையும் அவருடையதாகிவிடாது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலைநகரில், கடும் பனியில் சிக்கிய கார்களுக்குள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நெரிசலில் அசையாமல் நிற்கும் ஊர்தியைச் சங்கிலியால் காப்பாற்ற இயலாது. எத்தனை ஊர்திகளை மேலே விடுவது, எப்போது வாயிலை அடைப்பது என்பவை அரசின் முடிவுகளே. விசாரணைக்குப் பின் அங்கே அதிகாரிகள் பலர் பதவியிலிருந்து அகற்றப்பட்டனர்.

விதிகளின் வரலாற்றை ஆராய்வோர், ஒரு விதி எதைக் கட்டாயமாக்குகிறது என்பதோடு, யாருடைய கடமையை யாருக்கு மாற்றுகிறது என்பதையும் கேட்க வேண்டும். சோதனைச் சாவடியில் சக்கரத்தைப் பார்க்கும் காவலர், வானிலை அறிக்கையையும் மேலே நிற்கும் ஊர்திகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இவ்விதி முழுமை பெறும்.