அண்டர்மாட்டுக்குச் செல்லும் பாதை

பாதைகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைத் திட்டமிட்டோரதும் திறந்துவைத்தோரதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றை வெட்டியோர் அவ்வரலாற்றில் வெறும் எண்ணிக்கையாகவே இடம்பெறுவர். இதற்கு எடுத்துக்காட்டாக, சுவிற்சர்லாந்தின் சூரிச் விமான நிலையத்திலிருந்து அல்ப்ஸ் மலைகளிலுள்ள அண்டர்மாட் என்னும் பனிச்சறுக்கு ஊருக்குச் செல்லும் பாதையை நோக்கலாம்.

இன்று இப்பயணம் எளிது. 1980ஆம் ஆண்டு முதல் விமான நிலையத்தின் அடியிலேயே புகையிரத நிலையம் உண்டு. அங்கு ஏறுபவர் இடையில் வண்டி மாறி, றொயிஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே மலையேறுகின்றார். வாசன் என்னும் சிற்றூரின் தேவாலயம் மூன்று தடவை மூன்று வெவ்வேறு உயரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியும். செங்குத்தான சரிவிலே ஏறமுடியாத பாதை, மலையைக் குடைந்து வளைந்து வளைந்து செல்வதே அதற்குக் காரணம். 2016இல் 57 கிலோமீற்றர் நீளமான புதிய அடிவாரச் சுரங்கம் திறக்கப்பட்டபின் தெற்கே செல்லும் விரைவு வண்டிகளிற் பெரும்பாலானவை அதனூடாகச் செல்கின்றன. அண்டர்மாட் செல்வோருக்கோ இன்றும் பழைய பாதையே வழி. ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரத்திலுள்ள கோஷனன் நிலையத்தில் இறங்கி, 1917இல் திறக்கப்பட்ட பற்சக்கரப் புகையிரதத்தில் ஏறினால், ஷொலனன் மலையிடுக்கைக் கடந்து சிறிது நேரத்தில் ஊரை அடையலாம்.

கோஷனன் நிலையத்துக்கு அப்பால் மலையின் அடியில் ஒரு சுரங்கவாயில் உள்ளது. அதுவே 15 கிலோமீற்றர் நீளமான பழைய கொத்தார்ட் சுரங்கம். அண்டர்மாட் பள்ளத்தாக்கின் கீழாகவே அது செல்கின்றது. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் வணிகப் பாதையொன்றை வேண்டி இத்தாலி, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து ஆகிய மூன்று அரசுகளும் இதற்குப் பணம் வழங்கின. 1872இல் ஜெனீவாவைச் சேர்ந்த லூயி பாவ்ர் என்பவர், ஏனையோரைவிடக் குறைந்த தொகைக்கும் குறைந்த காலத்துக்கும் உடன்பட்டு ஒப்பந்தத்தைப் பெற்றார். எட்டு ஆண்டுகளில் வேலை முடிய வேண்டும். பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் தண்டப்பணம் உண்டு. பின்னர் நிகழ்ந்தவற்றையெல்லாம் விளங்கிக்கொள்வதற்கு இவ்வொரு நிபந்தனையே போதுமானது. நாட்கணக்குக் காசுக்கணக்காகிய இடத்தில், புகை கலையும்வரை காத்திருப்பதும் நட்டமாயிற்று. மலசலகூடம் அமைப்பதும் நட்டமாயிற்று.

வேலை செய்தோருட் பெரும்பாலானோர் வட இத்தாலியின் ஏழைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கோஷனனிலிருந்தும் தெற்கே அய்றோலோவிலிருந்தும் இரு முனைகளிலும் மலையைக் குடைந்தனர். உள்ளே வெப்பம் 30 பாகைக்கும் மேற்பட்டது. முழங்கால்வரை நீர், டைனமைற் வெடிப்பின் நச்சுப்புகை, துளைகருவிகளை இயக்கும் அழுத்தக்காற்றே சுவாசிப்பதற்கும் காற்று. வெளியே வந்தாலோ, ஒருவர் எழுந்ததும் மற்றொருவர் படுக்கும் நெருக்கடியான அறைகள்.

1875 யூலை 27இல் கோஷனன் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். காற்றோட்டத்தைச் சீராக்குமாறும் கூலியை உயர்த்துமாறும் கோரிச் சுரங்கவாயிலை மறித்தனர். மறுநாள் ஊரி மாநில அதிகாரிகள் அவசரமாகத் திரட்டி அனுப்பிய ஆயுதப்படை சுட்டதில் நால்வர் மாண்டனர். ஒப்பந்தக்காரரின் தண்டப்பணத்தை ஒரு நாளேனும் குறைக்கவல்ல துப்பாக்கி, தொழிலாளரின் மூச்சுக்கு ஒரு குழாயையும் கொண்டுவரவில்லை.

துப்பாக்கியைவிடக் கூடுதலான உடல்களை அழித்தது ஒரு புழு. வேலையாட்கள் வெளிறி, மூச்சுவாங்கி, நடக்கவும் வலுவிழந்து ஊர் திரும்பினர். தூரின் நகரில் 1880இல் அவர்களை ஆராய்ந்த பெறொன்சீட்டோ முதலிய அறிஞர்கள், குடலில் இரத்தத்தை உறிஞ்சும் கொழுக்கிப்புழுவே காரணம் என நிறுவினர். வெப்பநாட்டுக்குரிய இப்புழு அல்ப்ஸின் வெளிக்குளிரில் நிலைத்திராது. சுரங்கத்தின் சூடும் ஈரமும் மலம் கலந்த சேறுமே அதற்கு வாழ்விடம் அளித்தன. ஆகவே இது மலை தந்த நோயன்று. வேலைத்தளம் தந்த நோயாகும்.

இங்கே நம் நாட்டு வாசகர் சிறிது தரித்துச் சிந்திக்க வேண்டும். நமது தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை வெளிறச் செய்ததும் இதே நோய்தான். 1910களின் நடுப்பகுதியில் றொக்பெல்லர் நிறுவனம் இங்கு கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, மருந்து கொடுப்பதைத் தோட்டத்துரைமார் வரவேற்றனர். அது மலிவானது, வேலைத்திறனையும் உயர்த்துவது. மலசலகூடம் கட்டுவதற்கோ அவர்களுட் பலர் பின்னின்றனர். கொத்தார்ட் கற்பித்த பாடம் மருத்துவ நூல்களில் ஏறிற்று, கணக்கேடுகளில் ஏறவில்லை.

1879இல் பாவ்ர் சுரங்கத்துள்ளேயே மாரடைப்பால் இறந்தார். 1880 பெப்ருவரி இறுதியில் இரு முனைகளும் சந்தித்தபோது, துளையினூடாக முதலில் அனுப்பப்பட்டது அவருடைய உருவப்படம். பக்கவாட்டிற் காணப்பட்ட விலகல் 33 சென்ரிமீற்றர் மட்டுமே. பொறியியலின் பெருஞ்சாதனை இது என்பதை எவரும் மறுக்க முடியாது. 1882இல் பாதை திறக்கப்பட்டது. விபத்துகளில் மட்டும் ஏறத்தாழ 200 தொழிலாளர் மாண்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. ஊர் திரும்பி நோயால் மாய்ந்தோர் அக்கணக்கில் இல்லை.

சூரிச் மத்திய நிலையத்தின் முன்னால், இப்பாதைக்கு முதல் திரட்டிய அல்பிரட் எஷரின் சிலை 1889 முதல் உயர்ந்து நிற்கின்றது. இறந்த தோழனைச் சுமந்துவரும் சுரங்கத் தொழிலாளரை வின்சென்சோ வேலா என்னும் சிற்பி புடைப்போவியமாக வடித்தார். 'உழைப்பின் பலிகள்' என்பது அதன் பெயர். அதன் வெண்கல வார்ப்பு 1932இல், சுரங்கம் திறந்து ஐம்பது ஆண்டுகளின்பின், அய்றோலோ நிலையத்தருகே நிறுவப்பட்டது. அய்றோலோ சுரங்கத்தின் மறுமுனை. விமானத்தில் வந்திறங்கிப் பனிச்சறுக்குக்குச் செல்பவர் எஷரின் சிலை நிற்கும் நகரைக் கடந்து, கோஷனனில் இறங்கிவிடுகின்றார். வேலாவின் தொழிலாளர் இருக்குமிடத்துக்கு அவருடைய பயணச்சீட்டு செல்லாது.