மண்டகப்பட்டு வட்டாரம்: குன்றுகள், ஏரிகள், காட்சியிடங்கள்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில், இரண்டு ஊர்களுக்கும் ஏறக்குறைய நடுவில் உள்ள சிற்றூர் மண்டகப்பட்டு. பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த ‘லக்‌ஷிதாயதனம்’ இங்கே இருப்பதால் தமிழகக் கலை வரலாற்று நூல்கள் எதுவும் இவ்வூரைக் கடந்து போவதில்லை. செஞ்சிக் கோட்டை, பனமலை, தளவானூர், வீடூர் அணை, திருவக்கரை கல்மரப் பூங்கா, கழுவெளி ஆகியவை இதைச் சுற்றியிருக்கின்றன. ஒன்றிரண்டு நாளில் பார்த்துவிடக்கூடிய தொலைவுதான்.

மலையும் ஏரியும் என்றதும் கொடைக்கானலையோ ஏற்காட்டையோ நினைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாறுவார்கள். இங்கே குளிர் இல்லை, தேயிலை இல்லை, அருவியும் இல்லை. பழைய விழுப்புரம் மாவட்டத்துக்கு அருவிகள் இருந்தன. கல்வராயன் மலையின் மேகம் அருவியும் பெரியார் அருவியும் அந்தக் கணக்கில்தான் வந்தன. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது மலையோடு அவையும் அந்தப் பக்கம் போய்விட்டன. விழுப்புரத்தின் பங்குக்கு நின்றவை மொட்டைப் பாறைக் குன்றுகளும் அவற்றின் அடியில் கட்டிய ஏரிகளும். அருவிக்காக வருபவர் கல்வராயன் மலைக்கே போகலாம். கல்லையும் தண்ணீரையும் மனிதர் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்க்க விரும்புபவருக்கு இந்த வட்டாரத்துக்கு இணையான இடங்கள் தமிழ்நாட்டில் குறைவு.

நிலமும் நீரும்

செஞ்சியைச் சுற்றியுள்ள குன்றுகள் கருங்கல் வகைப் பாறைகள். இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைமையானவை. சுற்றியிருந்த மென்மையான நிலம் அரிபட்டுப் போக, கடினமான பாகம் சமவெளியில் தனித்தனிக் குன்றாக நின்றுவிட்டது. உச்சியில் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் இருக்கும். யாரும் அடுக்கவில்லை, பாறையில் விழுந்த வெடிப்புகளின் வழியே நீரும் வெயிலும் புகுந்து விளிம்புகளைத் தேய்த்ததால் வந்த வடிவம் அது.

இத்தகைய பாறையில் மழை ஊறுவது குறைவு. விழுந்த நீர் பெரும்பாலும் அப்படியே வழிந்து கீழே இறங்கிவிடும். அதைக் குறுக்கே கரை போட்டு நிறுத்தினால் ஏரி. ஓர் ஏரி நிரம்பினால் மிச்சம் கலங்கல் வழியாக அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். மழைக்காலத்தில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் முதலில் விசாரிப்பது ஏரி கோடி போய்விட்டதா என்பதைத்தான். ஏரிகளை நிரப்புவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. சித்திரை, வைகாசியில் பல ஏரிகளின் உட்புறம் மாடு மேய்கிற புல்வெளியாகிவிடும். ஆகவே பயணக் குறிப்புகளில் ‘அழகிய ஏரி’ என்று படித்துவிட்டு மே மாதம் வந்து நிற்பது வீண். அப்போது வருபவருக்குக் கரையோரப் பனைகளின் நுங்குதான் ஆறுதல்.

மண்டகப்பட்டுக் குடைவரை

அளவில் சிறியது, அலங்காரமும் இல்லை. முகப்பில் இரண்டு முழுத் தூண்கள், ஓரங்களில் இரண்டு அரைத் தூண்கள். தூணின் மேலும் கீழும் சதுரம், இடையில் எட்டுப்பட்டை. பின்சுவரில் மூன்று கருவறைகள். இப்போது மூன்றும் வெறுமையாக உள்ளன. முகப்பின் இரு ஓரங்களிலும் பாறையைக் குடைந்து வாயிற்காவலர் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பிற்காலத் தமிழகக் கோயில்களில் கோரைப்பல்லும் நான்கு கையுமாக மிரட்டும் துவாரபாலகர்களுக்கு முன்னோடிகள் இவர்கள். ஆனால் இரண்டே கைகளுடன் மனிதச் சாயலில் நிற்கிறார்கள்.

இவ்வூரின் பெருமைக்குக் காரணம் இங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு. ஒரே ஒரு செய்யுள். செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து எதுவுமின்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் இந்தக் கோயிலை எடுப்பித்தான் என்பது அதன் பொருள். விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்களில் ஒன்று. அதுவரை கோயில் என்றாலே அந்த நான்கு பொருள்களும்தான் என்பதை இந்தப் பட்டியலே காட்டிக்கொடுக்கிறது. அவை மட்கிப் போயின, பாறை நின்றுவிட்டது. கட்டடக் கலை பற்றி ஓர் அரசன் தானே பேசும் இப்படியொரு வாசகம் தமிழகத்தில் அரிது. பாடப்புத்தகங்கள் இதைத் தமிழகத்தின் முதல் குடைவரை என்று சொல்லிவிடுகின்றன. பாண்டிய நாட்டுப் பிள்ளையார்பட்டி இதற்கு முந்தையதாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு; பல்லவர் குடைவரைகளில் இதுவே முதல் என்பதைத்தான் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

பக்கத்தில் உள்ள தளவானூரில் அதே மன்னனின் இன்னொரு குடைவரை, சத்ருமல்லேசுவரம். அதன் முகப்பின் மேல் மகரதோரணம் செதுக்கியிருக்கிறார்கள். மண்டகப்பட்டில் இல்லாத நகாசு இங்கே வந்துவிட்டது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

பனமலை

இந்த வட்டாரத்தில் மலையும் ஏரியும் சேர்ந்த காட்சிக்கு ஓர் இடம் மட்டும் பார்க்க முடியும் என்றால் பனமலைக்குப் போகவேண்டும். பெரிய ஏரியின் ஓரத்தில் சிறு குன்று. குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயில். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராஜசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் எடுப்பித்தது. 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. மகேந்திரன் பாறையைக் குடைந்தான் என்றால், நூறு ஆண்டு கழித்து அவன் வழிவந்தவன் பாறைமேல் கல் அடுக்கிக் கட்டினான்.

விமானத்தை ஒட்டிய துணைச் சன்னதி ஒன்றின் சுவரில் பல்லவர் கால ஓவியம் எஞ்சியிருக்கிறது. மணிமுடி தரித்த தேவி, தலைக்கு மேலே குடை, ஒரு காலை மடித்து உடலைச் சற்றே வளைத்து நிற்கிறாள். சிவனின் ஆடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் உமை என்பது அறிஞர்கள் கருத்து. ஆடும் சிவனின் உருவம் பெரிதும் அழிந்துவிட்டது. பல்லவ ஓவியம் என்று காட்டத் தமிழகத்தில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று இப்படிப் பேருந்து அதிகம் வராத குன்றில் இருக்கிறது. குன்றின் கீழ்ப்பகுதியில் மகிஷாசுரமர்த்தினி புடைப்புச் சிற்பத்துடன் சிறு குடைவு ஒன்றும் உண்டு. ஏரி நிரம்பியிருக்கும் மார்கழி, தை மாதக் காலையில் மேலே ஏறினால் ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் நெல் வயல்.

செஞ்சி

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த கோட்டை. 1677இல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் இராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது 1690இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698வரை நீண்டது. 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் போரிட்டு மாண்ட தேஜ் சிங்தான் நாட்டுப்புறக் கதைப்பாடலில் வரும் தேசிங்குராஜன். 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். 2025 ஜூலையில் ‘மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்ற 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டுமே.

கீழ்க்கோட்டையில் கல்யாண மகால், நெற்களஞ்சியங்கள், யானைக்குளம், வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் பெயரிலுள்ள மசூதி ஆகியவை உள்ளன. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் இங்கிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுபோனவை என்று சொல்வார்கள். சக்கரைக்குளமும் செட்டிக்குளமும் பார்க்க வேண்டியவை. தேசிங்கின் உடலை எரித்தது செட்டிக்குளக்கரையில் என்பது ஊர் வழக்கு. இத்தனை ஆண்டு முற்றுகையைத் தாங்கியதற்கு மதிலின் உயரத்தைப் போலவே உள்ளே இருந்த குளங்களும் சுனைகளும் காரணம்.

இராஜகிரி சுமார் 240 மீட்டர் உயரம். உச்சிக்குச் சற்று முன்பாகப் பாறை பிளந்து ஆழமான இடைவெளி விழுந்திருக்கிறது. அதைச் சிறு பாலத்தில் கடக்கவேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் மேற்கோட்டைக்குள் நுழைய வழி கிடையாது. வெயில் ஏறுமுன் ஏறிவிடுவது நல்லது. குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டம் தெரிந்தால் விடாது. கூட்டம் எல்லாம் இராஜகிரிக்கே போகும். ராணிக்கோட்டை எனப்படும் கிருஷ்ணகிரியில் ஆள்நடமாட்டம் குறைவு, ஏற்றமும் எளிது.

செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில் ஒரு பாறையில் 24 தீர்த்தங்கரர்களையும் இரு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரிகர் என்ற சமணத் துறவிக்கான பழங்கல்வெட்டும் இங்குண்டு. சமணம் இந்தப் பக்கத்தில் பழங்கதை அல்ல. தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் மேல்சித்தாமூர் இங்கிருந்து தூரமில்லை. சிங்கவரத்தில் குடைவரைக்குள் பள்ளிகொண்ட அரங்கநாதரைக் காணலாம்.

வீடூரும் திருவக்கரையும்

செஞ்சிக்கு மேற்கே உள்ள மலைகளில் பிறக்கும் சங்கராபரணி, வராகநதி என்றும் பெயர் பெற்றது. தொண்டியாற்றுடன் அது சேரும் இடத்தை ஒட்டி 1950களின் இறுதியில் கட்டியதே வீடூர் அணை. நீர்மட்டம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. பாசனத்தில் ஒரு பங்கு புதுச்சேரிக்கும் உண்டு. 2024 டிசம்பர் 1 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, அருகிலுள்ள மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. சாதாரண நாளில் மணல் திட்டாகக் கிடக்கும் சங்கராபரணியை அந்த வாரம் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

திருவக்கரையின் தேசியக் கல்மரப் பூங்கா இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. பூங்கா என்ற பெயரை நம்பி ஊஞ்சலும் சறுக்குமரமும் தேடவேண்டாம். செம்மண்ணில் படுத்துக்கிடக்கும் மரத்துண்டுகள்தான் காட்சி. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை இவை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நாரிழைகளுக்குள் புகுந்து இறுக, மரம் கல்லாகிவிட்டது. குனிந்து பார்த்தால் ஆண்டு வளையம் கண்ணுக்குத் தெரியும், தட்டினால் கல்லின் ஒலி வரும். கிளையோ இலையோ வேரோ இல்லாமல் தண்டுகள் மட்டும் கிடப்பதே, இவை இங்கு வளரவில்லை, எங்கிருந்தோ உருண்டு வந்தவை என்பதற்குச் சான்று. பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னரா 1781இலேயே இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். ஊரிலேயே உள்ள சந்திரமௌலீசுவரர் கோயில் சம்பந்தர் பாடல் பெற்றது. அங்குள்ள வக்கிரகாளியைக் காணப் பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் வரும். கல்மரம் பார்க்க வருபவர் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

கிழக்கே மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி வேறு வகை: கடல்நீரும் மழைநீரும் கலக்கும் ஆழமற்ற உவர்நீர்ப் பரப்பு. பழவேற்காட்டுக்கு அடுத்து இதையே தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியாகச் சொல்கிறார்கள். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும், பக்கத்திலேயே உப்பளங்கள்.

போக்குவரத்து

விழுப்புரம் சந்திப்பில் பெரும்பாலான தென்மாவட்ட ரயில்கள் நிற்கும். திண்டிவனத்திலும் ரயில் நிலையம் உண்டு. இரண்டு ஊர்களிலிருந்தும் செஞ்சிக்குப் பேருந்துகள் தாராளம். திண்டிவனம்–திருவண்ணாமலைச் சாலை கோட்டையின் ஊடாகவே போவதால், இறங்காமல் போகிறவர்களுக்கும் மதில் தெரியும். மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை மூன்றையும் ஒரே நாளில் முடிக்கச் சொந்த வண்டியோ ஆட்டோவோ வேண்டும். தளவானூரிலும் பனமலையிலும் உணவகத்தை எதிர்பார்க்க முடியாது. செஞ்சியிலோ விழுப்புரத்திலோ சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு கிளம்புவதே வழக்கம். பனமலை ஓவியத்தைப் பார்க்கச் சன்னதி திறந்திருக்கவேண்டும். பூட்டியிருந்தால் கீழே ஊருக்குள் குருக்களை விசாரிக்கவேண்டும்.