எலெயாசர் (லாசர், தேவசகாயம்)

எபிரேய ஆண்பெயர், 'கடவுள் உதவினார்' என்பது பொருள். பழைய ஏற்பாட்டில் ஆரோனுக்குப் பின் தலைமைக் குருவான அவருடைய மகன் இப்பெயரினர். கிரேக்கத்தில் இது லாசர் எனச் சுருங்கிற்று. இயேசு உயிர்ப்பித்த பெத்தானியா ஊரார் ஒரு லாசர். இயேசு சொன்ன உவமையில் செல்வனின் வாசலில் புண்களோடு கிடக்கும் ஏழை மற்றொருவர். அந்தப் புண்ணையொட்டி ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் தொழுநோயாளரைக் குறிக்கும் சொல்லும் இப்பெயரிலிருந்தே பிறந்தது.

தமிழ் விவிலியங்கள் எலெயாசார், லாசரு, இலாசர் எனப் பலவாறு எழுதினாலும், அவ்வடிவங்களில் பிள்ளைகளுக்குப் பெயரிடுவோர் குறைவு. பழமொழி அகராதியை 1894இல் வெளியிட்ட ஜான் லாசரஸ் போன்றோர் சிலரே. பொருளை மொழிபெயர்த்த 'தேவசகாயம்' என்ற வடிவத்தில்தான் பெயர் ஊரெங்கும் பரவியது.

இம்முறைக்கு மதுரையில் முன்னோடி உண்டு. 1606இல் இங்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி உடை, உணவு, பேச்சு அனைத்திலும் உள்ளூர் வழக்கைக் கைக்கொண்டு தத்துவ போதகர் ஆனார். மதுரை மிஷனில் உழைத்து 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் தெ பிரிட்டோவை மக்கள் அருளானந்தர் என்றே அறிவர். மதுரையை அடுத்த கருமாத்தூர்க் கல்லூரிக்கும் அப்பெயரே. ஜானின் எபிரேய மூலமாகிய யோகனானுக்கு 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்று பொருள் இருப்பதைக் கருதினால், அருள் என்ற சொல் தற்செயலாக அமைந்ததாகத் தோன்றவில்லை.

தேவசகாயம் என்ற பெயருக்குப் புகழ் தந்தவர் நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் (1741) சிறைப்பட்டுப் பின் அம்மன்னரின் படைத்தலைவரான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் வழியாகக் கிறித்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற திருமுழுக்குப் பெயரே தேவசகாயம் என வழங்கியது. 1749இல் கைதாகி, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டார். போப் பிரான்சிஸ் 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் இவரே முதல் புனிதர். அதற்கு முன்பே, சாதியைக் குறிக்கும் 'பிள்ளை' அதிகாரப்பூர்வப் பெயரிலிருந்து நீக்கப்பட்டது.

சகாயம், சகாயராஜ், சகாயமேரி ஆகிய எல்லாவற்றையும் இதன் கிளைகளாகக் கொள்வது பொருந்தாது. அவற்றுள் பல சகாய மாதா பக்தியால் வந்தவை.