முஸ்கதே: மண்டியின் மேல் வளர்ந்த ஒயின்

முஸ்கதே, பிரான்சின் மேற்குக் கோடியில் விளையும் வெள்ளை ஒயின். லுவார் ஆறு அட்லாண்டிக் கடலை நெருங்கும் இடத்தில் நாந்த் நகரம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தாழ்ந்த மேடுகள்தான் இதன் நிலம். விலை குறைவு. பெரும்பாலும் இளசாகவே குடிப்பார்கள். கடல் சிப்பியோடும் மீனோடும் அன்றாடம் மேசைக்கு வரும். பெயரைக் கேட்டால் மஸ்கட் திராட்சையின் மணம் கமழும் என்று தோன்றும். அப்படி எதுவும் இதில் கிடையாது. இதற்குரிய திராட்சை மெலோன் த பூர்கோஞ். கிழக்கே இருக்கும் பூர்கோஞ் பகுதிதான் அதன் பூர்வீகம். பீனோவும் குவே பிளானும் கலந்து பிறந்த கொடி இது என்று மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. ஷார்டொனேக்கும் அதே பெற்றோர்தான். ஒரு பிள்ளை உலகமெங்கும் பரவியது. இன்னொன்று பிறந்த ஊரில் மதிப்பிழந்து, கடலோர மூலை ஒன்றில் வேரூன்றியது.

அந்த மூலையில் வெள்ளைத் திராட்சை பெருகியதற்கு டச்சு வணிகர்களே முதற்காரணம். 17-ஆம் நூற்றாண்டில் உப்புக்காகவும் ஒயினுக்காகவும் அவர்களுடைய கப்பல்கள் இந்தக் கரைக்கு வந்தன. நல்ல ஒயின் வேண்டுமென்றால் ஆற்றின் மேற்புறத்தில் ஆன்ஷூ பகுதியிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். நாந்தைச் சுற்றி விளைந்ததில் அவர்கள் தேடியது வேறு: காய்ச்சி வடிப்பதற்கு ஏற்ற, மெலிந்த, புளிப்பேறிய வெள்ளை ஒயின். வடித்த பிராந்தி கப்பலில் குறைந்த இடத்தையே அடைக்கும், நெடும்பயணத்திலும் கெடாது. வாங்க ஆள் நிச்சயம் என்றானதும், குடியானவர்கள் கறுப்புத் திராட்சையைக் குறைத்துவிட்டு ஃபோல் பிளான்ஷ் போன்ற வெள்ளை ரகங்களை நட்டார்கள். இந்தப் பிராந்தியின் பயணத்தில் ஓர் இருண்ட பகுதியும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் நாந்த், பிரான்சின் அடிமை வணிகத்துக்குத் தலைமைத் துறைமுகமாக இருந்தது. அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குப் போன கப்பல்களில் பிராந்திப் பீப்பாய்களும் இந்தியப் பருத்தித் துணிகளும் பண்டமாற்றுச் சரக்காக அடுக்கப்பட்டிருந்தன. சோழமண்டலக் கரையின் தறிகளில் நெய்த துணியும் அவற்றில் இருந்தது.

1709 ஜனவரியில் வந்த குளிர் ஐரோப்பா முழுவதையும் உலுக்கியது. ஆறுகள் உறைந்தன, பீப்பாய்க்குள் இருந்த ஒயினும் உறைந்தது. நாந்தைச் சுற்றியிருந்த திராட்சைக் கொடிகள் பெருமளவில் அடியோடு கருகின. மறுபடி நடுவதற்குக் குளிர் தாங்கும் கொடி தேவைப்பட்டது. அதற்கு முன்பே சிறிய அளவில் அங்கே வந்திருந்த மெலோன் அதற்குப் பொருந்தியது. குளிர்காலத்தை அது நன்றாகத் தாங்கும். சீக்கிரம் பழுப்பதால், இலையுதிர்கால மழை தொடங்கும் முன்பே அறுவடையை முடித்துவிடலாம். ஆனால் அதற்குத் துளிர்க்கும் அவசரமும் உண்டு. வசந்தத்தில் முந்திக்கொண்டு மொட்டு விடும் கொடி, ஏப்ரல் பனியில் எளிதாக அகப்பட்டுக்கொள்ளும். இந்தக் குறை பின்னால் பெரிய விலை கேட்டது.

இங்கே நிலமும் கொடியும் ஒருவருடையதாக இருந்ததில்லை. ‘கொம்ப்லான்’ என்ற பழைய வார முறைப்படி மண் நிலக்கிழாருக்குச் சொந்தம். நட்டு வளர்த்த கொடி குடியானவனுக்குச் சொந்தம். விளைச்சலில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ வாரமாகக் கிழாருக்குப் போகும். கொடி உயிரோடு இருக்கும்வரை குடியானவனை அசைக்க முடியாது. பிரெஞ்சுப் புரட்சியையும், இந்த வட்டாரத்தையே எரித்த வாந்தே போரையும் தாண்டி இந்த முறை நீடித்தது. 1880-களில் அதன் அடிப்படையே ஆடியது. ஃபில்லாக்ஸெரா என்ற பூச்சி வேரைத் தின்று கொடிகளைக் கொன்றது. கொடி செத்தால் உரிமையும் செத்தது என்று நிலக்கிழார்கள் வாதிட்டார்கள். பூச்சி தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி மீண்டும் நடும் உரிமை தங்களுக்கு உண்டு என்று குடியானவர்கள் போராடினார்கள். 1898-இல் வந்த சட்டம் குடியானவர் பக்கம் நின்றது. முஸ்கதே இன்றுவரை சிறு குடும்பங்களின் ஒயினாக இருப்பதில் அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு என்றே சொல்ல வேண்டும்.

இந்த ஒயினின் சுவையோ, பாத்திரத்தின் அடியில் பிறக்கிறது. திராட்சைச் சாறு புளித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்து மண்டியாகப் படியும். பொதுவாக ஒயினைத் தெளிய வைத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றுவார்கள். நாந்த் வட்டாரத்தில் வீட்டுக் கல்யாணத்துக்கென்று நல்ல பீப்பாய் ஒன்றைத் தொடாமல் ஒதுக்கிவைப்பார்களாம். மண்டியோடே கிடந்த அந்த ஒயின் மற்றதைவிடப் புத்துணர்வோடு இருப்பதைக் கண்டு வழக்கம் பரவியது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் செய்தி. காரணம் விளங்காததல்ல. மண்டி ஆக்சிஜனை உறிஞ்சி ஒயினைக் காக்கும். செத்த செல்கள் மெல்லச் சிதைந்து, மெலிந்த ஒயினுக்குச் சதைப்பிடிப்பைக் கொடுக்கும். பாத்திரம் மாற்றாததால், புளிக்கும்போது உண்டான கரியமில வாயுவில் கொஞ்சம் உள்ளேயே தங்கும். பல பண்ணைகளில் இதற்குப் பீப்பாய் கிடையாது. கண்ணாடி ஓடு பதித்த நிலத்தடிக் கான்கிரீட் தொட்டியில்தான் ஒயின் குளிர்காலத்தைக் கழிக்கிறது. மரவாசனை கலக்காததற்கு அதுவே காரணம்.

கிளாஸில் ஊற்றினால் நிறம் ஏறக்குறையத் தண்ணீர்தான், ஓரத்தில் மட்டும் லேசான பச்சை. மணம் ஓங்கி அடிக்காது; பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், கூடவே கடற்காற்று போல ஒரு சாயல். முதல் மடக்கில் நுனிநாக்கில் சுருக்கென்று ஒரு குத்தல், அது உள்ளே தங்கிய வாயு. பின்னாலேயே புளிப்பு வந்து வாயைக் கழுவிவிடும். கடைசியில் மெல்லிய உப்புத்தன்மை நிற்கும். ஆல்கஹாலும் கனமில்லை, 12 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். எட்டுப் பத்து டிகிரி குளிர்ச்சி இதற்குச் சரி. அதற்கும் கீழே போனால் இருக்கிற சொற்ப மணமும் உறைந்துவிடும். சிப்பியின் மேல் எலுமிச்சை பிழிவது செய்யும் வேலையை இதன் புளிப்பே செய்துவிடுகிறது. சின்ன வெங்காயத்தை முஸ்கதேயில் வற்றவைத்து, வெண்ணெயை அடித்துக் கலக்கும் ‘பேர் பிளான்’ சாஸும் இந்த வட்டாரத்துப் பண்டமே. லுவார் மீன் அதில்தான் தட்டுக்கு வரும்.

1936-இல் செவ்ர், மேன் என்ற இரு சிற்றாறுகளின் பெயரைத் தாங்கிய ‘முஸ்கதே செவ்ர்-ஏ-மேன்’ அரசின் தோற்றப்பெயர்ச் சான்று பெற்றது. வெறும் ‘முஸ்கதே’ என்ற பெயர் மறு ஆண்டில். மண்டியின் மேல் என்று பொருள்படும் ‘சுர் லீ’ என்பதை லேபிளில் போடுவதற்கும் 1977-இலும் 1994-இலும் விதிகள் வந்தன: ஒரு குளிர்காலமாவது மண்டியோடு கிடக்க வேண்டும், உருவான பண்ணையிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும்.

1970-களிலும் 80-களிலும் பிரிட்டனில் மலிவான வெள்ளை ஒயின் என்றால் முஸ்கதே என்ற நிலை இருந்தது. தேவை ஏற ஏற, கொடிக்கு அதிகக் காய் பிடிக்கவிட்டு நீர்த்த ஒயினை விற்றவர்களும் பெருகினார்கள். பெயர் கெட்டது அதனால்தான், கொடியின் குற்றத்தால் அல்ல. 1991 ஏப்ரலில் பனி துளிர்களைக் கருக்கியது. விளைச்சல் சரிந்து விலை ஏறிய வேளையில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வேறு ஒயின்களுக்குப் போனார்கள், பலர் திரும்பவில்லை. 2008-இல் மறுபடியும் பனி. 2000-களின் தொடக்கத்தில் சுமார் 13,000 ஹெக்டேராக இருந்த தோட்டம், பதினைந்தே ஆண்டுகளில் 9,000-க்கும் கீழே இறங்கியது. கொடியைப் பிடுங்கிவிட்டு வேறு பிழைப்புக்குப் போன குடும்பங்கள் ஏராளம்.

தங்கியவர்கள் மண்ணின் பக்கம் திரும்பினார்கள். கிளிசோனில் கிரானைட், கோர்ஷில் கப்ரோ என்று பாறைக்குப் பாறை ஒயின் மாறுவதை அவர்கள் தனித்தனியே அடைத்துக் காட்டினார்கள். 2011-இல் கிளிசோன், கோர்ஷ், ல பாலே ஆகிய மூன்று ஊர்ப்பெயர்களுக்கும் தனிச்சான்று கிடைத்தது. முதலிரண்டிலும் ஒயின் குறைந்தது 24 மாதம் மண்டியின் மேல் கிடக்க வேண்டும். அவை பத்தாண்டுகள் வைத்திருந்து திறக்கக்கூடியவை. அன்றாட முஸ்கதேயோ பழையபடி ஒரு குளிர்காலம் தொட்டியில் கிடந்து, வசந்தத்தில் பாட்டிலுக்கு வந்து, அந்தக் கோடையிலேயே சிப்பித் தட்டோடு தீர்ந்துவிடுகிறது.